அட்டையில் எழுதாத வரி

இந்திரகுமாரால் ஒரு வாய்த் தேத்தண்ணியை விழுங்க முடியாமல் போய் இன்றோடு மூன்றாவது நாள்.

முதலில் அதைத் தொண்டைப் புண் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். மனைவி சுகந்தினி இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தாள். கோப்பை வாய்க்குக் கிட்டே போனதும் அவன் கழுத்து நரம்புகள் விறைத்துக்கொண்டன. கோப்பை எகிறிச் சுவரில் பட்டு உடைந்தது. மறுநாள் காற்றடித்தாலே உடம்பு உதறியது. நேற்று மாலை தெரணியகலையிலிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றி, அவிசாவளைப் பக்கத்துப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

வந்த கையோடு சுகந்தினிக்கும், ஆறு வயது மகள் கிஷாலிக்கும், மாமனார் பழனியாண்டிக்கும், மாமியார் இலட்சுமிக்கும் கையில் ஊசி போட்டார்கள். எதற்கு ஊசி என்று மாமி கேட்டபோது சுகந்தினி மகளின் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டாள்.

அவளுக்குத் தெரியும். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். றப்பர் மலைக்குப் போகும் தாய்மார் விட்டுப்போகிற இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் அவள்தான் டீச்சர். மாதத்துக்கு ஒரு தடவை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் சனத்துக்கு முன்னால் நின்று, டெங்கு எப்படிப் பரவும், நாய் கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறவளும் அவள்தான்.

மாமியும் கிஷாலியும் இரவே தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு டாக்டர் பஸீஹா அவளை வார்டுக்கு வெளியே இருந்த வாங்கில் உட்காரச் சொல்லித் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

டாக்டர்மார் நின்றுகொண்டு பேசுவதைத்தான் சுகந்தினி பார்த்திருக்கிறாள்.

"நீங்க பிள்ளைகளோட வேல செய்றீங்களாமே. அப்ப நான் சுத்தி வளைச்சுப் பேசல்ல. இது விசர் நாய்க் கடியால வர்ற நீர்வெறுப்பு நோய்தான்."

"அவருக்கு ஊசி போட்டீங்களா டாக்டர்?"

"அந்த ஊசி கடிச்ச ஒடனே போடுறது. கடிச்ச எடத்துல இருந்து கிருமி நரம்பு வழியா மெதுவா மூளைக்கு ஏறும். ஏற முந்திப் போட்டா நூத்துக்கு நூறு தப்பிக்கலாம். ஏறி, இப்படித் தண்ணியக் கண்டு பயம் வந்துட்டா..." டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வலி தெரியாம, பயம் தெரியாம வச்சிருக்கத்தான் எங்களால ஏலும்."

"எத்தன நாளைக்கி?"

"நாளைக்கி இருப்பார்னு சொல்ல மாட்டேன்."

நடையின் மறுமுனையில் பழனியாண்டி சுவரோடு சாய்ந்து நின்றார். மகனுக்கு இன்னும் ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்ற நினைப்பில், கையில் தேங்காய்ப்பூத் துவாயும் சவர்க்காரமுமாகக் காத்திருந்தார்.

"எந்த நாய்? எப்ப?" டாக்டர் பேனாவை எடுத்தார்.

"வீட்டுல வச்சிருந்த குட்டி நாய் டாக்டர். ஆறு வாரத்துக்கு முன்னுக்கு. பெருவெரலுக்கும் சுட்டுவெரலுக்கும் நடுவுல, ஊசி குத்துன மாதிரி ஒரு புள்ளி."

"அந்தக் குட்டி இப்ப எங்க?"

"அஞ்சாவது நாளு காணாமப் போயிருச்சு."

பேனா நின்றது. "காணாமப் போன அன்னைக்கே ஏன் வரல்ல?"

சுகந்தினி தரையைப் பார்த்தாள். டாக்டர் பேனாவை மூடிப் பையில் செருகினார்.

*

தனி அறை. மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருந்தார்கள். வாயையும் கண்ணையும் மூடும் கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனவளை இந்திரகுமார் உடனே அடையாளம் கண்டான். மருந்து கொஞ்சம் அடக்கியிருந்தது. கைகள் இரண்டையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து முந்நூறு மரம் பால் வெட்டுகிற கைகள். கத்தி பட்ட பழைய தழும்புகள் விரலெல்லாம் வெள்ளை வெள்ளையாக இருந்தன. அந்த ஒரு புள்ளியை மட்டும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"புள்ள எங்க?"

"வீட்டுலங்க. மாமியோட இருக்கா."

"இங்க கூட்டியாராத. நான் இப்பிடிக் கெடக்குறத பாத்தா பயந்துரும்." எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. வெட்கத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சுகந்தி, ஊசி போட்டுட்டாங்கல்ல?"

"போட்டுட்டாங்க."

"அப்ப சரி. நீதான் பெரட்டுல சொல்லுவியே, ஊசி போட்டா ஒண்ணும் செய்யாதுன்னு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "அன்னைக்கே வந்திருக்கணும். நான்தான் சோம்பேறித்தனமா இருந்துட்டேன்."

"இல்லீங்க."

"நீ அப்பாகிட்ட சொல்லிராத, ஏசுவாரு."

அவன் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். அவளால் அங்கே நிற்க முடியவில்லை. அன்று அவன் சோம்பேறித்தனமாக இருக்கவில்லை. விரலை நீட்டி, "ஆஸ்பத்திரிக்கிப் போய்ட்டு வந்துரவா?" என்று கேட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றான். பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளை எடை நிறுக்கும் நாள் அது. அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "பல்லே சரியா மொளைக்காத குட்டிங்க. மஞ்சள வச்சுக் கட்டுங்க. பதினாலு நாள் குட்டியப் பாப்போம். நல்லா இருந்துச்சுன்னா ஒண்ணுமில்ல."

அவன் கேட்டான். எப்போதும் அவள் சொல்வதைக் கேட்கிறவன்.

வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் காவல்காரர் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டார். "அனே நங்கி, அடன்ன எபா," என்றார். அழாதே தங்கச்சி என்று யாரோ ஒருவர் சொன்ன பிறகுதான் தான் அழுகிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது.

பத்து மணிக்குப் போன் வந்தது. சுகாதாரப் பரிசோதகர் ஜதீஸ்வரன். யாழ்ப்பாணத்துக்காரர், தெரணியகலைப் பக்கம் வந்து இரண்டு வருடமாகிறது.

"தங்கச்சி, இந்த நேரத்தில உங்களைக் கூப்பிடக்கூடாது எண்டு எனக்குத் தெரியும். ஆனா வேற வழியில்லை. உங்கட பிள்ளைக் காம்பராப் படிக்கட்டுக்குக் கீழதான் உங்கட வீட்டில இருந்த குட்டியின்ர தாய் நாய் குட்டிகள் போட்டிருக்கு. அந்தத் தாய் நாய் போன மாசமே ஓடைக்கரையில செத்துக் கிடந்ததாம். குட்டிகளை ஆர் ஆர் தூக்கினது, ஆரைக் கடிச்சது எண்டு காலமையில இருந்து கேட்கிறன். ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை."

"பயப்படுவாங்க சார்."

"வயித்தில பதினாலு ஊசி போடுவினம், நாயெல்லாத்தையும் பிடிச்சுக்கொண்டு போவினம் எண்டு ஆரோ கதை கட்டி விட்டிருக்கினம். நான் சொன்னா கேட்காதுகள். நீங்கள் சொன்னாக் கேட்கும். நாலு மணிக்குச் சனத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறன்."

அவள் வார்டு கதவைப் பார்த்தாள். போனால் திரும்பி வரும்போது அவன் இருப்பானா?

"இன்னும் எத்தின பேருக்கு நேரமிருக்கு எண்டு எங்களுக்குத் தெரியாது, தங்கச்சி," என்றார் ஜதீஸ்வரன்.

பழனியாண்டியின் போனை அவர் சட்டைப் பையிலேயே வைத்து, "மாமா, இங்கேயே இருங்க, எங்கயும் போயிராதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். தெஹியோவிட்டையில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாம் என்று ஒருமுறை எழுந்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

*

லயத்து வீடுகளுக்கெல்லாம் பொதுவான தண்ணீர்ப் பீலியடியில் நாலு வாளிகள் வரிசையில் இருந்தன. ஐந்தாவது வாளி, அவர்கள் வீட்டு நீல வாளி, தள்ளிச் சாக்கடைக் கானுக்குள் கிடந்தது.

இலட்சுமி வாசலில் உட்கார்ந்திருந்தாள். "பாத்தியா? நம்ம வாளி பட்டா எல்லாத்துக்கும் ஒட்டிக்குமாம். காலையிலருந்து ஒரு சொட்டுத் தண்ணி புடிக்க விடல." மருமகளைக் கண்டதும் அந்தக் கோபம் உடனே வேறொன்றாக மாறியது. "தம்பி எப்பிடி இருக்கான்? கஞ்சி வச்சிருக்கேன். ஆறவச்சுக் குடுத்தா உள்ளுக்கு எறங்கும்ல?"

சுகந்தினி வாளியை எடுத்து வந்து வைத்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ்ஸில் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தாள்.

"மருந்து குடுக்குறாங்க மாமி. தூங்குறாரு."

"தூங்கட்டும், தூங்கட்டும். தூங்குனா சரியாப் போயிரும்."

மகள் பக்கத்து வீட்டில் இருந்தாள். சுகந்தினி அவளைப் பார்க்கப் போகவில்லை. பார்த்தால் விட்டுவிட்டு வர முடியாது என்று நேரே பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள். கூட்டத்துக்கு நாய்க்கடி அட்டை வேண்டும்.

போன வருடம் பயிற்சிக்குப் போனபோது கொடுத்த சுவரொட்டி சிங்களத்தில் இருந்தது. தமிழ்ப் பிரதி பிறகு வரும் என்றார்கள். அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அன்றிரவே உட்கார்ந்து, ஒரு பெரிய அட்டையில் தமிழில் எழுதினாள். எல்லோரும் பாராட்டினார்கள். தோட்டத்துத் துரை கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டும் இப்போது ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகச் சுவரில் தொங்கின. ஆணியிலிருந்து கழற்றக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அட்டையில் நாலு வரி. நாய் கடித்தால், நகம் கீறினால், காயத்தை நக்கினால் அது ஆபத்து. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவும். ஆஸ்பத்திரிக்குப் போகவும். நாயைப் பதினான்கு நாள் கவனிக்கவும்.

சிங்களத்தில் ஐந்து வரி.

ஐந்தாவது வரியை அவள் மெல்ல வாய்விட்டு வாசித்தாள். குட்டியாக இருந்தாலும், வீட்டில் வளர்ப்பதாக இருந்தாலும், கவனித்துக்கொண்டு காத்திருக்கலாமா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். நாய் செத்தாலோ காணாமற் போனாலோ அந்த நிமிடமே வரவும்.

எழுதாமல் விட்டது ஏனென்று அவளுக்கு நினைவு வந்தது. இடம் போதவில்லை. கீழே அந்த இடத்தில்தான், பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்று, சிவப்பு நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நாய்க்குட்டியை வரைந்திருந்தாள்.

தோட்டம் முழுக்க ஒரு வருடமாக இந்த நாலு வரியைத்தான் படித்திருக்கிறது. அவளும் இதைத்தான் படித்திருக்கிறாள். சிங்களச் சுவரொட்டியைத் திரும்ப யார் பார்த்தார்கள்?

அவள் அட்டையைக் கழற்றினாள். படத்தைக் கிழித்துவிட நினைத்தாள். கை வரவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

*

பெரட்டுக்களத்தில் எழுபது எண்பது பேர் இருந்தார்கள். அவள் நடந்து வந்தபோது கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. மரியாதைக்காக அல்ல என்பது அவளுக்குத் தெரிந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

ஜதீஸ்வரன் மைக்கைக் கொடுத்தார். அவள் வாங்கவில்லை.

"எம் மூச்சுக் காத்துல இது ஒட்டாது," என்றாள். "எங்க வாளியிலயும் ஒட்டாது. எங்க மாமி தொட்டாலும் ஒட்டாது. எச்சி காயத்துல படணும், இல்லாட்டி கண்ணுல, வாயில படணும். அப்பத்தான் வரும். நீங்க பயப்பட வேண்டியது எங்க வாளிக்கு இல்ல. நீங்க தூக்கி மடியில வச்சிருந்த குட்டிக்கு."

முந்தானைகள் ஒன்றிரண்டு மூக்கிலிருந்து இறங்கின.

"எங்க வீட்டுக்காரரு கடிபட்ட அன்னைக்கி ஆஸ்பத்திரிக்கிப் போறேன்னு சொன்னாரு. நான்தான் வேணாம்னேன்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது.

"நான்தாங்க. ஒங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவ. குட்டிதானேன்னு சொன்னேன். மஞ்சள் வைக்கச் சொன்னேன். பதினாலு நாளு பாப்போம்னு சொன்னேன். அத சொல்ல வேண்டியது டாக்டரு. நான் இல்ல. குட்டி காணாமப் போச்சு. அப்பவாவது கூட்டிட்டுப் போயிருக்கணும். மறந்துட்டேன்." அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இதுல ஒரு வரி நான் எழுதல. எடம் பத்தலைன்னு விட்டுட்டேன். இத நம்பி யாராவது வீட்டுல இருந்தீங்கன்னா, இருக்காதீங்க. ஊசி வயித்துல இல்ல, கையில. நேத்து எம் புள்ளைக்குப் போட்டாங்க, அழக்கூட இல்ல. அவருக்கு..." அட்டையைக் கீழே இறக்கினாள். "அவருக்கு இனி ஊசி இல்ல. அவரு வீட்டுக்கு வர மாட்டாரு."

அதைச் சொன்ன பிறகுதான் கூட்டத்தின் ஓரத்தில், கஞ்சிப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட சேலையோடு இலட்சுமி நிற்பதை அவள் கண்டாள்.

பிறகு ஒரு பெண் தன் மகளின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "கீறுனுச்சு டீச்சர். நீங்க ஏசுவீங்கன்னு சொல்லல." அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர். பிறகு இரண்டு பால் வெட்டுகிறவர்கள். ஜதீஸ்வரன் எழுதத் தொடங்கினார். பதினொரு பேர்.

பன்னிரண்டாவதாக வந்தவள் இலட்சுமி.

அடிக்கத்தான் வருகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். சுகந்தினியும் அப்படித்தான் நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள். ஆனால் இலட்சுமி அவளுக்கு முன்னால் வந்து நின்றபோது முகத்தில் கோபம் இல்லை. இரத்தமே இல்லை.

"குட்டி காணாமப் போகல," என்றாள்.

"மாமி?"

"சுமித்ரா தேருக்கு வந்திருந்தாள்ல? அவ புள்ள அழுதுச்சு, அந்தக் குட்டிதான் வேணும்னு. கிஷாலி அழுவாளேன்னு, நீ ஏசுவியேன்னு, விடியக்காலையில பையில போட்டுக் குடுத்தனுப்பிட்டேன்." கஞ்சிப் போத்தல் கையிலிருந்து நழுவியது. "நீ தேடுனப்ப நான் வாயத் தொறக்கல. அப்பவே சொல்லியிருந்தா எம்புள்ள..."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யார் வாளியைத் தள்ளி வைத்தார்களோ அதே பெண்கள்தான் ஓடிவந்து அவளைத் தாங்கினார்கள்.

சுகந்தினிக்கு அழ நேரமில்லை. நாத்தனார் சுமித்ரா வாழ்க்கைப்பட்டது ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். அவள் மகளுக்கு மூன்று வயது. ஜதீஸ்வரன் அந்தப் பகுதிப் பரிசோதகரைப் பிடிக்கத் தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓரமாக ஓடினார். சுகந்தினி சுமித்ராவுக்கு எடுத்தாள். முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவையும்.

மூன்றாம் தடவை எடுத்தாள். "அண்ணி! அண்ணனுக்கு எப்பிடி? நாங்க ஞாயித்துக்கெழம வர..."

"சுமித்ரா, நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. இங்கருந்து கொண்டு போன குட்டி எங்க?"

அந்தப் பக்கம் ஒரு பிள்ளை சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"மாமி சொல்லிட்டாங்க. நான் ஏச மாட்டேன். எங்க?"

"அது வந்த மறுகெழமையே செத்துப்போச்சு அண்ணி. சோறே தின்னல. அம்மாவுக்கு மனசு கஷ்டமாயிருக்கும்னு சொல்லல."

"யாரையும் கடிச்சுச்சா?"

"சேச்சே, கடிக்கல. வெளையாட்டுக்குப் பல்லால புடிக்கும், அவ்வளவுதான். பாப்பா கால்ல ஒரு தடவ புடிச்சுச்சு. லயத்துப் புள்ளைங்க எல்லாம் எடுத்து வச்சு வெளையாடுனாங்கதானே." அப்போதுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும். சுமித்ராவின் குரல் சுருங்கியது. "ஏன் அண்ணி?"

"பாப்பா இப்ப என்ன செய்றா?"

"வாசல்ல வெளையாடிட்டு இருக்கா. நல்லாத்தானே இருக்கா."

"நல்லா இருக்கும்போதுதான் போகணும். இப்பவே தூக்கு. நாளைக்கி இல்ல, இப்ப. ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கிப் போ. போறதுக்கு முந்தி, அந்தக் குட்டியத் தொட்ட ஒவ்வொருத்தர் பேரையும் எனக்குச் சொல்லு. ஒருத்தர விடாத."

அவள் தரையில் மண்டியிட்டு, அட்டையைத் திருப்பி, அதன் வெற்றுப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். சுமித்ரா அழுதுகொண்டே சொன்னாள். பாப்பா. பக்கத்து வீட்டுத் தனுஜா. அவள் தம்பி. கடைசி வீட்டு இரட்டைப் பிள்ளைகள்.

ஐந்தாவது பேரை எழுதும்போது காதில் 'டிக், டிக்' என்று இன்னொரு அழைப்பு விழுந்தது. போனைத் தூக்கிப் பார்த்தாள்.

மாமா.

பழனியாண்டிக்குப் போன் வந்தால் எடுக்கத் தெரியும். தானாக ஒருவருக்கு எடுக்கத் தெரியாது. யாரோ அழுத்தி அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். டாக்டராக இருக்கலாம். வாசலில் நின்ற அந்தக் காவல்காரராக இருக்கலாம்.

"அண்ணி? இருக்கீங்களா அண்ணி?"

வெட்டிவிட்டு மாமாவை எடுத்தால் சுமித்ரா திரும்பக் கிடைப்பாளா? மூன்று தடவை எடுத்துத்தான் கிடைத்தாள். மலைக்குள் இருக்கிற தோட்டம். மாலையானால் அங்கே சிக்னல் நிற்காது.

மாமாவின் அழைப்பு அடித்துக்கொண்டே இருந்தது. இலட்சுமி தரையில் இருந்தபடியே தலையைத் தூக்கி, மருமகளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கும் யாரென்று புரிந்துவிட்டது.

"எடு புள்ள," என்றாள். அடுத்த நொடியே தலையை ஆட்டினாள். "இல்ல. எடுக்காத. எழுது."

'டிக், டிக்' நின்றது.

சுகந்தினி போனைத் திரும்பக் காதில் வைத்தாள்.

"இருக்கேன் சுமித்ரா. அடுத்த பேரு சொல்லு."